களவு மஞ்சள்

“இது மருந்துன்னு இந்தச் சனத்துக்கு எப்படிங்கம்மா புரிய வெக்கறது?”

செருப்பைக் கழற்றும்போதே சென்னியப்பன் கேட்டுவிட்டார். கும்பிடுகூடப் போடவில்லை.

தவசியம்மாள் மடத்துக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். வயதைப் பார்த்தால் சென்னியப்பனுக்குத் தங்கச்சி மாதிரிதான். ஆனால் மனைவி இறந்துபோன வருடம் மனசு உடைந்து இந்த மடத்துப் படி ஏறியதிலிருந்து, அவருக்கு அம்மா என்றால் இந்த அம்மாதான். விதைப்பதானாலும் வெட்டுவதானாலும் இங்கே ஒரு வார்த்தை கேட்காமல் செய்யமாட்டார்.

“எதைச் சொல்றீங்கண்ணா?”

“கருமஞ்சளைத்தான். வேற எதை?”

துணி கல்லில் ஓங்கி விழுந்தது. சென்னியப்பன் பேச்சை நிறுத்தவில்லை.

“வைகாசியில உங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தானே நட்டேன்? சாதா மஞ்சளை விட்டுப்போட்டு, மருந்துக் கம்பெனிக்குப் போகட்டும், நாலு பேரு வலி தீரட்டும்னு வெச்ச பயிருங்க. இன்னைக்கு ஊருக்குள்ள அதுக்கு என்ன பேருன்னு தெரியுங்களா? வசிய மஞ்சளாம்! தூ!”

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

எவனோ ஒரு சாமியார் செல்போன் வீடியோவில் பேசிவிட்டான். கருமஞ்சளைக் கல்லாப்பெட்டியில் வைத்தால் காசு கொட்டுமாம். தலையணைக்கு அடியில் வைத்தால் பிரிந்துபோனவர்கள் தானாகத் திரும்பி வருவார்களாம். அதோடு விட்டானா? காசு கொடுத்து வாங்கினால் பலிக்காது, கேட்டு வாங்கினாலும் பலிக்காது, அமாவாசையன்று காட்டுக்காரனுக்குத் தெரியாமல் பிடுங்கினால்தான் பலிக்கும் என்று ஒரு கொக்கியையும் போட்டான். அந்த மகானுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இருந்திருக்காது.

அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் சென்னியப்பனின் மஞ்சள் காடு, பன்றி புகுந்த காடாகிவிடும். முள்வேலி போட்டார். வேலியைப் பிரித்தார்கள். நாய் கட்டினார். நாய்க்கு பிஸ்கட் போட்டார்கள். இப்போது அது வருகிறவர்களையெல்லாம் வாலாட்டி வரவேற்கிறது.

“விலைக்குத் தர்றேன்னேன். வேண்டாங்கறானுங்க. சும்மாவே தர்றேன், எடுத்துட்டுப் போங்கடான்னேன். அதுவும் வேண்டாமாம். திருடத்தான் செய்வோம்கறானுங்க! இப்படியொரு அக்குரமம் எங்காச்சும் உண்டுங்களா?”

தவசியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிங்கம்மா, நல்லாச் சிரிங்க. நாளைக்கு டிராக்டரை உட்டு மொத்தத்தையும் உழுதுபோடறேன். அதுக்கு உத்தரவு கேக்கத்தான் வந்தேன்.”

கார்த்திகை மாதம். இலை நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓட, பயிர் இடுப்புயரம் நின்றது. தை பிறந்து இலை காய்ந்தால் வெட்டிவிடலாம். அந்தப் பயிரைத்தான் உழுதுபோடுவதாகச் சொல்லிக்கொண்டு நின்றார். சொன்னால் செய்கிற ஆள்தான்.

அம்மாள் உத்தரவு தரவில்லை. மறுக்கவும் இல்லை. அவர் பார்வை வேறெங்கோ இருந்தது.

“கை ஏனுங்கண்ணா வீங்கியிருக்கு?”

சென்னியப்பன் வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

“ஏனுங்கண்ணா?”

“ஒருத்தன் மாட்டுனான்.”

“யாரு?”

“பக்கத்தூருத் தறிக்காரன். மாதேசுன்னு பேரு. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு ஆத்தா ஊட்டுக்குப் போயிட்டாளாம். வசியம் பண்ணக் கெழங்கு புடுங்க வந்துட்டான். இத்தனை அமாவாசைக்கும் சேர்த்து அவனுக்குக் குடுத்தேன்.”

“எங்க அடிச்சீங்க?”

“கை போன பக்கமெல்லாம். தோள்ல நல்லா விழுந்துச்சு. ஆசுபத்திரியில எலும்பு முறியலைன்னு அனுப்பிட்டாங்களாம்.”

கடைசியில் சொன்னதில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. எலும்பு முறியவில்லையே என்கிற வருத்தம்.

தவசியம்மாள் முகத்தில் சிரிப்பு இல்லை. கையிலிருந்த துணியை இறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார்.

“போயி ஒரு கெழங்கு தோண்டிட்டு வாங்க.”

“எதுக்குங்கம்மா?”

“தோண்டிட்டு வாங்கன்னேன்.”

காடு பக்கம்தான். சென்னியப்பன் ஒரு தூரைப் பெயர்த்து, மண்ணை உதறிக்கொண்டு வந்தார். அம்மாள் அம்மியைக் காட்டினார். சென்னியப்பன் கிழங்கைக் கழுவிப் பிளந்தார். உள்ளே நீலம். மூக்கில் கற்பூர வாசம் ஏறியது. வீங்கிய கையோடு அம்மிக் குழவியை இழுப்பது லேசான காரியமில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் மாதேசின் வம்சத்தையே திட்டினார்.

அம்மாள் விழுதை வழித்து, நல்லெண்ணெய் விட்டு, இரும்புக் கரண்டியில் சூடு காட்டினார்.

சென்னியப்பனுக்கு மனசு இளகியது. எப்படியும் தாயல்லவா! திட்டினாலும் நம் கைவலி இவருக்குத்தானே தெரிகிறது என்று நினைத்தார். கையை நீட்டினார்.

பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டார் அம்மாள்.

“உங்களுக்கில்ல.”

“பின்ன?”

“பயிர் வெச்சு இத்தனை மாசமாச்சு. யாருக்காச்சும் ஒருக்கா அரைச்சுப் போட்டிருக்கறீங்களா?”

“கம்பெனிக்குப் போச்சுன்னா அவங்க அதை…”

“கேட்டதுக்குப் பதில்!”

அந்தக் குரலை அவர் இந்த மடத்தில் கேட்டதே இல்லை.

“இல்லைங்க.”

விழுது தூக்குப்போசிக்குள் போனது. மூடியை அழுத்தி அவர் கையில் திணித்தார் அம்மாள்.

“சூடு ஆறுறதுக்குள்ள அவன் தோள்ல போட்டுட்டு வாங்க. உழுகறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

“அந்தத் திருட்டு நாயிக்கா?”

அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தறிக்கூடத்தை ஒட்டிய லைன் வீடு. வழி நெடுக சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். திருடியவன் வீட்டுக்குத் திருட்டுக் கொடுத்தவன் மருந்து கொண்டு போவது எந்த ஊர் நியாயம் என்று அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் கதவைத் தட்டினார்.

ஒரு பெண் திறந்தாள்.

“யாருங்க?”

“மஞ்சக்காட்டுக்காரன்.”

அவள் முகம் கறுத்தது. “அடிச்சது பத்தலைங்களா?”

“தோளுக்குப் போடக் கொண்டாந்தேன்.” தூக்குப்போசியை உயர்த்திக் காட்டினார். “மடத்து அம்மா குடுத்து உட்டுச்சு.”

பொய்யில்லை. ஆனால் பாதிதான்.

அவள் வழிவிட மனமில்லாமல் நின்றாள். உள்ளே கட்டிலில் முனகல் கேட்டது. விலகி நின்றாள்.

மாதேசு சட்டையில்லாமல் படுத்திருந்தான். இடது தோள் பானை மாதிரி வீங்கியிருந்தது. தான் அடித்த அடி இவ்வளவு பெரிதா என்று சென்னியப்பனுக்கே கொஞ்சம் பகீரென்றது. மாதேசு அவரைப் பார்த்ததும் எழப் பார்த்தான். முடியவில்லை. ஒற்றைக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனான்.

“கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்லோணும். உங்க மஞ்சள் பலிச்சிருச்சுங்க.”

“என்னது?”

“என்ற மடியிலயேதான் கெழங்கு இருந்துச்சுங்க. அடிபட்டுக் கெடக்கறேன்னு தெரிஞ்சதும் இவளே பஸ் ஏறி வந்துட்டா. பாருங்க, நிக்கறா. என்னா சக்திங்க உங்க காட்டுக்கு!”

சென்னியப்பனுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அட மடப்பயலே! அவள் வந்தது உனக்கு அடிபட்டதைக் கேட்டு. வசியமுமில்லை, மண்ணுமில்லை. இனி இவன் ஊரெல்லாம் சொல்வான். அடுத்த அமாவாசைக்குக் காட்டில் ஒரு தூர் மிஞ்சாது.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சாத்திய மடத்துக் கதவு நினைவுக்கு வந்ததால் விழுங்கிக்கொண்டார். அவ்வளவு கோபத்தை அவர் ஆயுளில் விழுங்கியதில்லை.

கட்டிலோரம் உட்கார்ந்தார். விழுதை இரண்டு விரலில் எடுத்தார். இன்னும் இளஞ்சூடு இருந்தது. மகள் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது அவர் பேசிய குரல் எங்கிருந்தோ வந்தது.

“மருந்துப்பா,” என்றார்.

மாதேசு சுவரோடு சுவராக ஒடுங்கினான். நல்ல கை எழுந்து முகத்தை மறைத்தது.

“ஏன்? என்னாச்சு?” மனைவி பதறிப்போய் ஓடி வந்தாள். “தடவத்தானே வந்திருக்காரு!”

“அதில்ல புள்ள.” முகத்திலிருந்து கையை எடுக்காமலே மாதேசு சொன்னான். “அன்னைக்கும் ‘மருந்து’ன்னுதான் சொன்னாரு. ஒவ்வொரு அடிக்கும்.”