புது நாட்டுக்கு யார் பெயர்?

வேம்பாற்றூரைக் கடம்பராயன் ஆண்ட காலம். வடக்கே காய்ந்து கிடந்த எட்டு ஊர்க்காரர்கள் அரண்மனைக்கு வந்து நின்றார்கள். அவர்களுக்காகப் பேசியவள் மூக்காயி.

"எங்க எட்டு ஊரையும் ஒரு நாடா ஆக்கிக் குடுங்க சாமி. அப்படியே ஒரு ஏரியும் வெட்டிக் குடுங்க. குடிக்கத் தண்ணியில்லாம சனம் ஊரைவிட்டுப் போகுது."

ராஜாவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. அவர் காது அப்படி.

"நாடு தந்தோம்! என்ன பெயர் வைக்கலாம்?"

மந்திரி அனந்தப்பர் முந்திக்கொண்டார். ராஜாவைக் குளிர வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் அவர்.

"கடம்பராய நாடு! இப்படியொரு பெயர் கிடைத்த பிறகு ஏரி எதற்கு, மகாராஜா?"

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். "அப்படியே முரசு அறையுங்கள்" என்றார். முரசும் அறைந்தாயிற்று. மூக்காயிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவையில் விகடம் பேசுகிற சாத்தையன் எழுந்தான்.

"அருமையான பெயர், மகாராஜா. ஊர் வழக்கத்தை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். ஏனம்மா, மழை பொய்த்தால் என்ன செய்வீர்கள்?"

"கொடும்பாவி கட்டி இழுப்போம்யா. வைக்கோல் பொம்மைக்குச் செருப்பு மாலை போட்டு, தெருத்தெருவா இழுத்து, மாரடிச்சு அழுது, சுடுகாட்டுல கொளுத்துவோம்."

"பொம்மைக்கு என்ன பெயர்?"

"ஊரு யாரு பேருல இருக்கோ, அவரு பேருதான். மழை நின்னா அவரு செஞ்ச பாவந்தானே? எங்க சடையன்பட்டியில வருசா வருசம் சடையனைத்தான் கொளுத்துறோம். நல்ல மனுசனாத்தான் இருந்தாராம்."

ராஜாவின் கை மீசையிலிருந்து இறங்கியது.

"பொம்மை... பெரிதாக இருக்குமோ?"

"இதுவரைக்கும் சின்னதுதான் சாமி. இனிமே எட்டு ஊரும் சேர்ந்து பெருசாக் கட்டுவோம். புது நாடாச்சே."

"பெயரை மாற்று!" என்று கத்தினார் ராஜா.

"முரசு அறைந்த பெயரை அடியோடு மாற்றினால் ஊர் சிரிக்கும், மகாராஜா" என்றான் சாத்தையன். "ஏரியில் தண்ணீர் நின்றால் கொடும்பாவிக்கு வேலையே இல்லை."

"வெட்டு ஏரியை! ஆனால் அது நிரம்ப நாளாகுமே. அதுவரை என் கதி?"

சாத்தையன் மிகவும் பணிவாக மந்திரியின் பக்கம் திரும்பினான்.

"அதுவரை மட்டும் அனந்தப்ப நாடு என்று இருக்கட்டும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சாத்தையனுக்குப் போர்த்தினார்.

அனந்தப்பர் சிரிக்கவில்லை. மறுநாள் எட்டு ஊர்க்காரர்களும் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தபோது, தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர் ஏற்கெனவே மண் சுமந்துகொண்டிருந்தார்.