கத்தரிக்காவும் கரித்துகளும்

முன்னொரு காலத்தில் அல்ல, போன ஆடியில், ஞானதுரையின் மண்டைக்குள் ஒரு நரம்புச் செல் வாழ்ந்துவந்தாள். ஞானதுரை தன் மகளைக் ‘கத்தரிக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அந்தச் செல்லப் பெயரைப் பத்திரமாக வைத்திருப்பது அவள் வேலை. அதற்கே அவளுக்கு அத்தனை மிதப்பு.

ஒருநாள் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க்மேல் உட்காரவைத்து வண்டி ஓட்டிய ஞானதுரை, லாரியைக் கண்டு பிரேக் அடித்துத் தலைகுப்புற விழுந்தார். ஹெல்மெட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மண்டைக்குள் அடி ஒரு நொடியில் முடிந்துவிட்டது. ரகளை அதற்குப் பிறகுதான். அடிபட்ட இடத்தில் ஒரு மூலக்கூறு தன் எலக்ட்ரானைத் தொலைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனுடையதைப் பிடுங்கினான். பறிகொடுத்தவன் அடுத்தவனிடம் பிடுங்கினான். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கத் திருட்டுக் கூட்டமாகி, வீடுகள் சரியத் தொடங்கின.

“எல்லாம் வளர்ப்பு சரியில்லாத பயல்கள்,” என்று செல் திட்டித் தீர்த்தாள். திட்டி முடிப்பதற்குள் அவளுடைய எலக்ட்ரானையே எவனோ உருவிக்கொண்டு போனான். மறுகணம் அவள் கை பக்கத்து வீட்டுக்காரியின் பக்கம் நீண்டது. உள்ளே கத்தரிக்கா பாதி அழிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கரித்துகள் உருண்டு வந்தான். டாக்டர்கள் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த புது மருந்து. ஊசி வழியாக ரத்தத்தில் இறங்கியவன். கண்ணுக்கே தெரியாத பொடியன். பெரிய பெரிய மருந்துகளை வாசலோடு திருப்பி அனுப்பும் மூளையின் காவல் சுவர் விபத்தில் விரிசல் விட்டிருந்ததால் நுழைந்துவிட்டான்.

“முதலில் அந்தத் திருடர்களைப் பிடி,” என்றாள் செல்.

துகள் யாரையும் பிடிக்கவில்லை. நீண்டிருந்த அவள் கையில் ஓர் எலக்ட்ரானை வைத்தான். எதிரே ஓடிவந்தவனுக்கும் ஒன்று கொடுத்தான். வாங்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இனி அவன் எதற்குப் பிடுங்க வேண்டும்?

“உனக்குக் குறையாதா?” என்று கேட்டாள்.

“குறையும். அதற்காக நான் அடுத்தவனிடம் பிடுங்குவதில்லை.”

தெரு அடங்கியது. ஞானதுரை கண் திறந்து, “கத்தரிக்கா எங்க?” என்றார். கட்டிலோரம் நின்ற மகள் ஓவென்று அழுதாள்.

நல்ல செய்தியைச் சொல்ல அவருடைய மைத்துனர் ஜெபமணி வெளியே ஓடினார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக் காணோம்.

“வளர்ப்பு சரியில்லாத பயலுக,” என்று முணுமுணுத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். அளவு சரியாக இருந்த வேறொரு ஜோடியை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.