நாணற்குளத்துத் தட்டான் காவல்

நாணற்குளம் பூங்காவுக்கு மூன்று காவல்காரர்கள். வடமலை, பிச்சாண்டி, சூசை. மூவருமே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அந்தப் பூங்காவுக்கு வந்த கேடே அதுதான்.

பூங்கா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவில் ஒரு குளம், சுற்றிலும் கோரைப்புல், அதன்மேல் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை தட்டான்கள். சிவப்பு, மஞ்சள், நீலம். ஓரத்துப் புல்லில் ஊசித்தட்டான்கள், நூல் துண்டுக்கு இறக்கை முளைத்த மாதிரி. இந்தக் குளத்தை மூடி பஸ் ஸ்டாண்டு கட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் சேர்மன் கோதண்டம். பூச்சிப் பேராசிரியர் தேவசகாயம் வந்து பார்த்து, காப்பாற்ற வேண்டிய இடம் என்று சொல்லிவிட்டால் குளம் பிழைக்கும். அவர் வருகிற நாளும் வந்தது.

அவரை அழைத்துவர ரயிலடிக்குக் கிளம்பிய பூங்கா அதிகாரி மங்கையர்க்கரசி, ஜீப்பில் ஏறும்போது மூவரையும் கூப்பிட்டார்.

"தட்டானுங்க மேல ஒரு கண்ணு வச்சிருங்க. நான் வர்ற வரைக்கும் ஈ காக்கா உள்ள வரக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்கம்மா."

ஜீப் மறைந்ததும் மூவரும் துண்டை எடுத்து ஆளுக்கு ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு கண்தானே வைக்கச் சொன்னது? கரை எங்கே முடிகிறது, குளம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாமல் சூசை இடுப்பு வரை நனைந்தார். மற்றபடி காவல் நன்றாகவே நடந்தது.

ஒரு சிவப்புத் தட்டான் வேலியைத் தாண்டி உள்ளே வந்தபோதுதான் சிக்கல்.

"இது ஈயா, காக்காயா?" என்றார் வடமலை.

பிச்சாண்டி நெடுநேரம் யோசித்தார். "கறுப்பா இல்ல. கான்னு கத்தல. காக்கா கிடையாது."

"அப்ப ஈ."

"தட்டான் மாதிரி இருக்கே?" என்றார் சூசை, வேட்டியைப் பிழிந்துகொண்டே.

"உள்ள இருந்தா தட்டான். வெளியில இருந்து வந்தா ஈ" என்று தீர்ப்புச் சொன்னார் வடமலை. மற்ற இருவரும் அவரைப் பெருமையாகப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு கண்ணால்.

ஆனால் எது உள்ளே இருந்தது, எது வெளியிலிருந்து வந்தது? தட்டான் என்ன, கேட்டால் ஊர் பேர் சொல்லுமா? எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் விரட்டிவிடத் தீர்மானித்தார்கள். வேப்பங்கொத்தும் விளக்குமாறுமாகக் குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள்.

ஜீப் திரும்பியபோது தண்ணீரின்மேல் ஒரு கொசுகூட இல்லை. வேடிக்கை பார்க்கச் சேர்மனும் வந்துவிட்டார். அவருடைய புதுக் கறுப்புக் கார் வாசலுக்கு வெளியே மேட்டில் நின்றது. அங்கிருந்து குளம் வரை ஒரே சரிவு. டிரைவர் பிரேக்கை மறந்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஒரு தட்டான்கூட இல்லையேம்மா?" என்றார் பேராசிரியர்.

கோதண்டம் மீசையைத் தடவினார். "பஸ் ஸ்டாண்டு வந்தா கண்டக்டராவது இருப்பாரு."

மங்கையர்க்கரசி மூவர் பக்கம் திரும்பினார். "என்ன செய்வீங்களோ தெரியாது, அதுங்களைத் திரும்ப அழைச்சிட்டு வாங்க!"

அழைப்பதற்கு ஒரு முறை இருக்கிறதே. பெட்டிக்கடையில் தாம்பாளம் வாங்கி, வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். வாசலைத் தாண்டினால், தட்டான்கள் அத்தனையும் சேர்மன் காரின்மேல்! பளபளத்த கறுப்புக் கூரையைத் தண்ணீர் என்று நினைத்து, வாலால் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

வடமலை தாம்பாளத்தை நீட்டினார். பின்னாலேயே வந்த கோதண்டம், மரியாதை தனக்குத்தான் என்று கை நீட்டினார்.

"உங்களுக்கு இல்லீங்க" என்றார் வடமலை பணிவாக. "விருந்தாளிங்களுக்கு."

பேராசிரியர் ஓடிவந்தார். "அடப் பாவமே! வெயில்ல முட்டையெல்லாம் காய்ஞ்சுடுமே. இது உடனே தண்ணிக்குள்ள போகணும்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய படிப்புப் படித்தவர் சொல்கிறார். காருக்குப் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள்.

"டேய்! டேய்! என் காருடா!"

மீதி வேலையைச் சரிவு பார்த்துக்கொண்டது. கார் கோரைப்புல்லை வகுந்துகொண்டு போய், ஆன்டெனா மட்டும் தெரியக் குளத்தின் நடுவில் உட்கார்ந்தது. தட்டான்கள் கூடவே வந்து சேர்ந்தன. ஊசித்தட்டான்கள் ஆன்டெனாவில் இடம் பிடித்தன. பேராசிரியர் கைதட்டிக் குதித்து, காப்பாற்ற வேண்டிய இடம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அவரைவிட உரக்கக் கத்தியவர் கோதண்டம்: "குளத்துல ஒரு கூடை மண்ணு விழக் கூடாது! என் காரு உள்ள இருக்கு!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மங்கையர்க்கரசி மூவரையும் ஓரமாக இழுத்துப் போனார். "சேர்மன் கோபம் தணியற வரைக்கும் ஒருத்தரும் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது."

மறுநாள் காலை அவர் வந்தபோது, மூன்று கோணிப்பைகள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தன. கழுத்துக்கு மேல் கோணி, கழுத்துக்குக் கீழ் காக்கி. ஒரு கோணி வேப்பமரத்தில் முட்டி, அதற்கு வணக்கம் வைத்தது.

"யாருய்யா அது?" என்று அலறினார் மங்கையர்க்கரசி.

கோணிகள் ஒன்றுகூடிக் குசுகுசுத்தன.

"அம்மா குரலு. பதில் சொல்லலாமா?"

"வாயும் தலையிலதானே இருக்கு?"

"வாயைத்தான் காட்டக் கூடாது. பேசலாம்."

நடுவில் நின்ற கோணி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தது.

"நாங்க இன்னிக்கு வரலைங்கம்மா!"