மீசையைப் பிடித்த மேகலா

ரொம்ப காலத்துக்கு முன்னே கொன்றையூரை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். எந்தக் காலம் என்று குறுக்கே கேட்காதீர்கள். ஆண்டான், அவ்வளவுதான். மூக்கு நுனியில் கோபம். அதற்குக் கீழே முழ நீள மீசை.

அவனுக்குப் பெண் பிறந்தது. என்ன பெயர் வைப்பது?

அந்த வம்சத்தில் மேகலை என்று ஒரு மகாராணி இருந்தாளாம். ஏரி உடைந்த அன்று இடுப்பு மேகலையைக் கழற்றி உடைப்பின் குறுக்கே கட்டி வெள்ளத்தை நிறுத்தினாளாம். நிறுத்தினாளோ இல்லையோ, ஊரில் பாதிப் பெண்களுக்கு அவள் பெயர்தான். ஆனால் வரவர அது மேகலா என்று ஆகிவிட்டது.

"மேகலையா, மேகலாவா?" ராஜாவுக்குக் காலையில் ஒன்று பிடிக்கும், மத்தியானம் இன்னொன்று.

அமைச்சர் திருமேனியைக் கேட்டான். "எதுவானால் என்ன அரசே? கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே!" என்றார் அவர்.

ஆஸ்தானப் புலவர் சோமேசனுக்கு அமைச்சர் வாயைத் திறந்தாலே வயிறு எரியும்.

"சோமேசா, நீ சொல்!"

"மேகலைதான் பெயர், அரசே! மேகலா என்பது சந்தையில் மிதிபட்டு நொண்டியான பெயர். இளவரசியை அப்படிச் சொல்பவரை நாடு கடத்துங்கள்!"

"சபாஷ், சோமேசா! யார் சொன்னாலும் நாடு கடத்தல்!"

"அரச குடும்பத்தாரே ஆனாலும்?" என்று கேட்டார் திருமேனி.

"நானே ஆனாலும்!"

பறை அறைந்தாகிவிட்டது.

அன்று சாயங்காலம் குழந்தை வீறிட்டது. "என் ராசாத்தி, மேகலா, அழாதேடி!" என்று தூக்கினாள் செவிலி சிங்காரி. கதவுக்குப் பின்னால் புலவரின் காது இருந்தது.

மறுநாள் சிங்காரி மூட்டையோடு சபையில் நின்றாள். அந்தப்புரத்தில் குழந்தையின் அழுகை நிற்கவில்லை. வேறு யார் கொடுத்தாலும் பாலைத் துப்பியது. திருமேனி எழுந்தார். இவள் எல்லை தாண்டினால் பிள்ளை பிழைக்குமா?

"அரசே, இன்னும் பெயரே சூட்டவில்லையே! அதற்குள் தண்டனையா? முதலில் பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்லுங்கள். குனிந்து, நன்றாகக் கிட்டே போய்ச் சொல்லுங்கள்."

சொல்லிவிட்டுத் தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். நேற்று அவர் குனிந்து கொஞ்சியபோது குழந்தை பிடித்து இழுத்த இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

தொட்டில் வந்தது. ராஜா குனிந்தான்.

"மேகலை." அழுகை.

"மேகலை!" இன்னும் அழுகை.

மூன்றாவது தரம் வாயைத் திறக்குமுன் ஒரு குட்டிக் கை மீசையைக் கொத்தாகப் பிடித்தது.

"ஐயையோ! விடுடீ! மேகலா! அடி மேகலா, விடு!"

குழந்தை மீசையை விட்டது. ராஜாவைப் பார்த்தது. கெக்கெக்கென்று சிரித்தது!

திருமேனி புலவர் பக்கம் திரும்பினார்.

"புலவரே, ராஜாவுக்கு எல்லை வரை பல்லக்கு உண்டா, நடைதானா?"

புலவர் அவசரமாக எழுந்தார். "அது... மன்னர் வாய் தவறி..."

"எவன் வாய் தவறியது?" ராஜா சீறினான். "கூப்பிட்டேன், அப்படி வந்தது! மீசை போகிற அவசரத்தில் வேறெப்படி வரும்?"

"சிங்காரிக்கும் அப்படித்தான் வந்தது, அரசே. இந்தப் புலவர் பெயர் என்ன?"

"சோமேசன்."

"எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?"

"சோமேசா என்று..." ராஜா நிறுத்தினான். மீசை துடித்தது.

"அவர் பெயரை எப்போது நொண்டியாக்கினீர்கள்?"

ராஜா சிரித்த சிரிப்பில் தொட்டில் ஆடியது.

"பெயர் மேகலை! கூப்பிட மேகலா! சிங்காரி, மூட்டையை உள்ளே கொண்டு போ. திருமேனியாரே, இந்த முத்துமாலை உமக்கு. புலவர் பெயரை மட்டும் இனி யாரும் நொண்டியாக்கக் கூடாது. முழுசாகவே சொல்லுங்கள்!"

அன்றைய விருந்தில் பரிமாறுகிறவன் உத்தரவுப்படியே புலவரைப் பந்திக்குக் கூப்பிட்டுக் கத்தினான்: "சோமேசன், சாப்பாடு!"

யாரோ புலவருக்குச் சாப்பாடு கேட்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். புலவரும் அப்படியே நினைத்து, வரும் வரும் என்று காத்திருந்தார். பந்தி முடிந்தது. இலை எடுத்தார்கள்.

காலி வயிற்றோடு ராஜாவின் காலில் போய் விழுந்தார்.

"அரசே, ஒரே ஒரு தரம் சோமேசா என்று கூப்பிடுங்கள்!"