பந்தியில் கட்டிய வேட்டி

எங்கள் ஊர் நகராட்சியாகி ரொம்ப நாள் ஆகவில்லை. அதற்குள் நாலு பக்கமும் வீங்கிவிட்டது. நேற்றுவரை நெல் விளைந்த இடமெல்லாம் இன்றைக்கு ஏதோ ஒரு நகர்.

நகர்மன்றத் தலைவி கோசலை ஊருக்கு நல்லது செய்யவேண்டும் என்று நிஜமாகவே நினைப்பவர். அப்படி நினைக்கிறவர்களுக்கு நிம்மதி ஏது. ஒரு நாள் காலையில் மடத்துக்குப் போய் ஏகாம்பர சாமி முன்னால் உட்கார்ந்தார். சாமி அவரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் மனசு குழம்பினால் அவர் போகிற இடம் அது ஒன்றுதான்.

"சாமி, தலையே சுத்துது."

"சொல்லுங்க தாயி."

"தெருக்குழாயில சண்டை போட்டுத் தண்ணி பிடிக்கிறாங்களேன்னு வீட்டுக்கு வீடு குழாய் குடுத்தேன். மறுமாசமே ஆளாளுக்கு மோட்டார் வாங்கிக் குழாயில மாட்டிட்டாங்க. தொட்டிப் பக்கத்துல இருக்கிறவங்க உறிஞ்சற உறிஞ்சுல, கடைசில இருக்கிற குமரன் நகருக்குச் சொட்டுத் தண்ணி போகலை."

"மோட்டாரைப் பிடுங்கலையா?"

"வண்டி வண்டியா அள்ளினேன். புதுசு வாங்கி மாட்டிட்டாங்க. சரி, தண்ணி பத்தலை போலன்னு பெரிய தொட்டியா கட்டினேன். பெரிய மோட்டாரா வாங்கினாங்க. வால்வைத் திருப்பிக் குமரன் நகருக்கு முதல்ல விட்டுப் பார்த்தேன். அவங்களும் மோட்டார் போட்டாங்க. தொட்டித் தெரு காஞ்சு போச்சு. திரும்பப் பழையபடியே மாத்திட்டேன்."

சாமி சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"உங்க வீட்டுல?"

கோசலை முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். "இருக்கு சாமி. எல்லாரும் போட்டப்புறம் நான் மட்டும் என்ன செய்ய?"

சாமி ஒரு டம்ளர் மோரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இத்தனைக்கும் நல்ல ஜனங்க சாமி. யார் வீட்டுல சாவுன்னாலும் தெருவே வந்து நிக்கும். குழாய்னா மட்டும் ஏன் இப்படி ஆயிடறாங்க? வெள்ளிக்கிழமை குமரன் நகர்காரங்க காலிக் குடத்தோட வந்து என் வீட்டு வாசல்ல உட்காரப் போறாங்களாம். ஓட்டுக் கேட்டுப் போனப்போ, உங்க அடுப்படி வரைக்கும் தண்ணி வரும்னு அவங்க பிள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணினேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசலுக்கு வருவேன்?"

"பந்தி போட்டாச்சு. சாப்பிட்டுப் போங்க."

மடத்தில் தினமும் மத்தியானம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. முதல் இலையில் கோசலையை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அரிசி ஆலை ராஜமன்னார். தொட்டித் தெருவிலேயே பெரிய மோட்டார் அவர் வீட்டில்தான். கடைசி இலையில் குமரன் நகர் பாக்கியம். தண்ணீர் இல்லாத வீட்டில் என்னத்தைச் சமைப்பது என்று கொஞ்ச நாளாக மடத்துச் சாப்பாடுதான் அவளுக்கு.

பாயசம் வந்தது. ராஜமன்னாருக்குப் பாயசம் என்றால் உயிர். சமையல்காரர் கரண்டியைச் சாய்க்கும்போது அவர் பந்தியின் கோடிவரை ஒரு தடவை பார்த்தார். இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தார்.

"அரைக்கரண்டி போதும்ப்பா. கடைசி வரைக்கும் வரணும்ல."

அவருக்கு முன்னாலேயே கோசலையும் அரைக்கரண்டியோடு நிறுத்தியிருந்தார். பாக்கியத்தின் இலைவரை பாயசம் போனது. மிச்சமும் இருந்தது. சமையல்காரர் இன்னொரு சுற்று வந்தார்.

கை கழுவிவிட்டு வந்த கோசலை கேட்டார். "கேட்டதுக்குப் பதில் சொல்லலையே சாமி."

"நாளைக்கும் சாப்பிட வாங்க தாயி."

தண்ணீர்க் கவலையோடு வந்தவளுக்குச் சோறு போட்டு அனுப்புகிறாரே என்று கோசலைக்கு எரிச்சல்தான். ஆனாலும் மறுநாள் போனார்.

அதே ஆட்கள், அதே இடங்கள். ஆனால் ஒவ்வொரு இலைக்கும் நடுவில் கொடி கட்டிக் காவி வேட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜவுளிக்கடையில் துணி போட்டுப் பார்க்கிற அறைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல இருந்தது. என்ன கூத்து இது என்று கோசலைக்கு விளங்கவில்லை.

பாயசம் வந்தது. அதே பாத்திரம்தான்.

"போதுமாம்மா?"

கோசலை பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். வேட்டிதான் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா."

அடுத்த வேட்டிக்குப் பின்னாலிருந்து ராஜமன்னார் குரல் கேட்டது. "நல்லா நிறைய ஊத்து. வீட்டுக்கு ஒரு தூக்குல எடுத்து வை."

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் எங்கேயோ கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டியது.

"பாயசம் இல்லையாப்பா?" பாக்கியம் கேட்டாள்.

"தீந்துபோச்சுக்கா."

"சரி விடு. எங்களுக்கு இது புதுசா என்ன."

கோசலைக்கு வெட்கமாகப் போய்விட்டது. இலையில் இருந்த பாயசத்தைத் தொடமுடியவில்லை. அப்படியே மூடிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்தபோது சாமி வேட்டிகளை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் குழப்பிட்டீங்க சாமி. இப்போ நான் வீட்டுக் குழாயைப் பிடுங்கிட்டுத் தெருக்குழாய் வைக்கணுமா? பொம்பளைங்க மறுபடியும் குடம் சுமக்கணுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்போ இன்னொரு தடவை மோட்டாரை அள்ளவா?"

"அதையும் சொல்லலை."

"நீங்க ஒண்ணுமே சொல்லலை."

"ஆமா. பாயசம்தான் போட்டேன்."

கோசலை பெருமூச்சு விட்டார். "சரி, அதை மெல்லப் பார்த்துக்கறேன். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஒரு வழி பண்ணிட்டேன் சாமி. எங்க தொட்டித் தெரு முனையிலேயே தடுப்பு வச்சு அவங்களை நிறுத்தச் சொல்லிப் போலீஸ்ல பேசியிருக்கேன். காலிக் குடத்தோட அந்தப் பொம்பளைங்க வந்து உட்கார்றதை எங்க தெருக்காரங்க பார்க்க வேண்டாம். பார்த்தா மனசு சங்கடப்படும்."

சாமி மடித்த வேட்டிகளை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதையும் கொண்டு போங்க தாயி. தடுப்புக்கு நடுவுல சந்து இருந்தா, அது வழியா யாராவது பார்த்துடப் போறாங்க."