முந்திரித்தோப்பில் ஒரு பக்கம்

குருவுக்குச் சிஷ்யையைவிட ஒரு வயது குறைவு. கான்வென்டில் ஒரு வகுப்பு பின்னால் படித்தவள். அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். சிஷ்யை, கோபம் வரும்போது மட்டும், அவளைக் "குருவே" என்பாள்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். ஊர்க்காரர்களுக்காக 'முந்திரித்தோப்பு' என்று ஓர் இணையதளமும் நடத்தினாள். பவர்கட்டில் தொடங்கி, யார் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் ஊசிப்போனது என்பதுவரை எல்லாம் அங்கே வரும். ஆசைப்பட்டவர்கள் அதற்குள்ளேயே தங்களுக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கிக்கொள்ளலாம்.

சிஷ்யை சுபாஷிணி. இடுப்பில் கைக்குழந்தை. வலைப்பூ தொடங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்பதைவிட அரிப்பு என்று சொல்லலாம்.

பக்கத்துக்குப் பெயர் வைத்தாள். மாற்றினாள். பழையபடி மாற்றினாள். பின்னணிக்கு ரோஸ் நிறம் போட்டுப் பார்த்தாள், கண்ணைக் குத்தியது. புனைபெயராக 'மழைத்துளி' என்று வைக்கப் போனால், அதை ஏற்கெனவே ஒருவர் எடுத்திருந்தார். மின்வாரியத்தில் லைன்மேன்.

கடைசியில் எழுதியதைக் கொண்டுபோய் ஜெசிந்தாவிடம் நீட்டினாள். 'தாய்மை என்பது இறைவன் பெண்ணுக்கு அளித்த மகத்தான வரம்' என்று ஆரம்பித்தது.

ஜெசிந்தா ஒரு பாரா படித்தாள்.

"இது நீங்க எழுதினதா, டெய்லி காலண்டர் எழுதினதா?"

"நல்லா இல்லையா?"

"நம்ம கான்வென்ட் சிஸ்டருங்க இருந்தா 'வெரி குட்' போட்டிருப்பாங்க."

சுபாஷிணிக்குச் சுருக்கென்றது.

"நிஜமா என்ன எழுத வந்தீங்கக்கா?"

சுபாஷிணி கடையைச் சுற்றிப் பார்த்தாள். யாருமில்லை. ஆனாலும் குரல் இறங்கிவிட்டது. வீடு மூன்றாவது மாடி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் போனால், கை தானாக விட்டுவிடுவதுபோல் கண்ணுக்குள் ஒரு படம் ஓடுகிறது. அதனால் சுவரை ஒட்டி ஒட்டியே நடக்கிறாள். துணி காயப்போடக்கூட அந்தப் பக்கம் போவதில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது.

"இதை எழுதுங்க."

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? எங்க நாத்தனார் பல்லு விளக்குறதுக்கு முன்னாடி முந்திரித்தோப்பைத்தான் பாக்குறா. 'பிள்ளைய அவகிட்ட விடாதீங்க'ன்னு அவ ஒரு வார்த்தை சொன்னா போதும். எங்க மாமியார் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப எழுதாதீங்க."

"எழுதாமலும் இருக்க முடியலையே! சொல்லு குருவே. யாரு படிப்பாங்க? என்ன நினைப்பாங்க? அதைத் தெரிஞ்சுக்கிட்டா நான் எழுதிடுவேன்."

ஜெசிந்தா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள்.

"தோப்பு வழக்கம் தெரியுமில்ல? பக்கம் ஊருக்குத் தெரியணுங்கிறவங்க முதல்ல 'கேட்கலாம்' பகுதியில யாரோட கேள்விக்காவது ஒரு பதில் எழுதணும். அந்தப் பதில்தான் அவங்க பக்கத்துல முதல் பதிவா ஏறும். உங்களுக்கும் அதேதான்."

"பதில் சொல்ற அளவுக்கு எனக்கு என்னடி தெரியும்?"

"தெரிஞ்ச கேள்வி வரட்டும்."

சுபாஷிணி காத்திருந்தாள். காத்திருக்கத் தெரியாமல் காத்திருந்தாள். பலாக்கொட்டைத் தோலைச் சுலபமாக உரிப்பது எப்படி என்று ஒருவர் கேட்டார். அவள் யோசிப்பதற்குள் ஊரே பதில் சொல்லி முடித்திருந்தது. கடலூர் பஸ் நேரம் கேட்டார்கள். அதையும் யாரோ முந்திக்கொண்டார்கள். போனைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

ஒரு மதியம், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது, பெயரில்லாமல் ஒரு கேள்வி வந்தது.

'குழந்தையைக் குளிப்பாட்டப் பயமாக இருக்கிறது. நானே கையை விட்டுவிடுவேனோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. இதையெல்லாம் இங்கே கேட்கலாமா?'

அதன் கீழே யாரோ ஒரு மகானுபாவர் அதற்குள் எழுதியிருந்தார்: 'நீயெல்லாம் ஒரு தாயா?'

சுபாஷிணிக்குக் காது சூடானது. என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்கு முன்னால் விரல் ஓடியது.

'கேட்கலாம் தங்கச்சி. எனக்கும் வருகிறது. உனக்குத் தண்ணீர், எனக்குப் பால்கனி. நாய் துரத்தினால் ஓடுகிற மாதிரி சுவரோரமாக ஓடுகிறேன். ஆனால் ஒருநாளும் நான் விட்டதில்லை. நீயும் விட்டிருக்க மாட்டாய். மேலே எழுதியிருக்கிற பெரிய மனுஷரைப் படிக்காதே, அவர் பிள்ளை குளிப்பாட்டியிருக்க மாட்டார். தனியாக வைத்துக்கொண்டு சாகாதே. டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. நாளைக்கு நானும் போய்ச் சொல்லப்போகிறேன். சொன்னாயா என்று உன்னை இங்கே கேட்பேன். நீயும் என்னைக் கேள்.'

அனுப்பினாள். பிள்ளை சிணுங்கியது. பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வந்த பிறகுதான் மறுபடி போனை எடுத்தாள்.

'சுபாஷிணி கதிரவன் பக்கம். முதல் பதிவு.'

புனைபெயர்ப் பெட்டியை நிரப்பவே இல்லை. தளத்தில் சேரும்போது கொடுத்த சொந்தப் பெயர், கூடவே புருஷன் பெயர், இரண்டும் கொட்டை எழுத்தில் நின்றன.

ஆட்டோ பிடித்து, பிள்ளையோடு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள்.

"எடுத்துடு! எடுத்துடுடி! எங்க நாத்தனார் இப்ப பேங்க்ல வேலையில இருக்கா. சாயங்காலம் பஸ் ஏறினா போனைத்தான் திறப்பா."

ஜெசிந்தா மானிட்டரை அவள் பக்கம் திருப்பினாள். மவுஸை நகர்த்தி வைத்தாள்.

"உங்க பக்கம். நீங்களே எடுக்கலாம். அந்தச் சிவப்புப் பட்டன்."

"பேரை மட்டும் மாத்த முடியாதா?"

"போட்டதுல மாத்த முடியாது. இருக்கும், இல்லைன்னா போயிடும்."

"அந்தப் பொண்ணு படிச்சிட்டாளா?"

"இன்னும் உள்ள வரலை."

சுபாஷிணியின் விரல் மவுஸ்மேல் இருந்தது. அழுத்தவில்லை. எடுக்கவுமில்லை.

"யாரு அவ? உனக்குத் தெரியும். எந்தத் தெரு? நம்ம கான்வென்டா? வெளிய சொல்லாம இருப்பாளா? வீட்டுல நான் வாங்கிக் கட்டிக்கப்போறேனே, அதுக்கு அவ தகுந்தவதானா? அதை மட்டும் சொல்லு. வெக்கிறதா எடுக்கிறதான்னு நான் முடிவு பண்றேன்."

ஜெசிந்தா ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பதில் எழுதும்போது இதையெல்லாம் கேட்டீங்களாக்கா?"

சுபாஷிணி மவுஸிலிருந்து கையை எடுத்து, பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.