ஆற்றுக்கு ஊற்றிய கிரீன் டீ

கூளையூர்க்காரர்கள் யோசிக்க உட்கார்ந்தால் தெருநாய்கூடக் குரைக்காது. என்ன ஆகப்போகிறதோ என்று பயந்து ஒதுங்கிவிடும்.

அந்த ஊர்த் தாண்டவராயனுக்கு ஆற்றின் அக்கரையில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் தீர்த்தம்மா. பார்த்த அன்றே அவன் மனசு அக்கரையில் தங்கிவிட்டது. உடம்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பாலம் கிடையாது. நிச்சயத்துக்குப் போனபோதே அவன் பாரம் தாங்காமல் பரிசலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது.

"எடையைக் குறைச்சுட்டு வா சாமி. அதுவரைக்கும் உன்னை ஏத்த மாட்டேன்" என்று பரிசல்கார முனியப்பன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வைகாசி முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வரவில்லையென்றால் வேறு இடம் பார்ப்பேன் என்று மாமனாரும் சொல்லி அனுப்பினார். தாண்டவராயனுக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூன்றாவது தட்டுக்கு மேல் இறங்கவில்லை.

கூட்டாளிகள் மாதையனும் பொன்னுரங்கமும் அவனை நர்சம்மாவிடம் அழைத்துப் போனார்கள்.

"கிரீன் டீ குடிச்சா இளைக்கும்னு சொல்றாங்களே, நெசமாங்க?" என்றான் மாதையன்.

"அது மட்டும் பெருசா ஒண்ணும் செய்யாதுப்பா. சாப்பாட்டைக் குறைக்கணும், தினமும் ஓடணும். ஓடுறவங்களுக்கு அதுவும் கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான். டீயில சர்க்கரை மட்டும் போட்டுடாதீங்க."

தாண்டவராயன் சொல் தட்டாதவன். டீயில் சர்க்கரை போடவில்லை. வாயில் ஒரு வெல்லக்கட்டியை அடக்கிக்கொண்டு, ஒரு குண்டான் டீயை ஒரே மூச்சில் குடித்தான். உடனே மூவரும் புளி மண்டித் தராசுக்கு ஓடினார்கள். எடை கூடியிருந்தது.

மூவரும் இடிந்துபோய் உட்கார்ந்தார்கள்.

"குண்டானையும் நிறுத்துப் பாரு" என்றான் பொன்னுரங்கம். அவன்தான் மூவரில் விவரமானவன்.

நிறுத்தார்கள். டீ இருந்தபோது கனத்த குண்டான் இப்போது பாதிகூட இல்லை.

"பாத்தியா! டீ நல்லாத்தான் வேலை செய்யுது. குண்டானை இளைக்க வச்சிருக்கு. ஆளுக்குத்தான் ஒத்துக்கல" என்றான் பொன்னுரங்கம்.

"அப்ப யாருக்கு ஒத்துக்கும்?"

"நர்சம்மாதான் சொன்னாங்களே, ஓடுறவங்களுக்குன்னு. நம்ம ஊர்ல ராவும் பகலும் ஓடுறது யாரு?"

மூவரும் ஒரே நேரத்தில் ஆற்றைப் பார்த்தார்கள்.

"அவ்வளவு ஓடியும் இப்படிப் பருத்துக் கிடக்குதே!" என்று மாதையன் வருத்தப்பட்டான்.

"டீ குடிக்காம ஓடுனா அப்படித்தான். ஆறு இளைச்சுட்டா தாண்டவன் நடந்தே போயிடலாம். பரிசலே வேண்டாம்."

தாண்டவராயனுக்கு உயிர் வந்தது. அன்று சித்திரை பிறந்திருந்தது. மறுநாள் காலையிலிருந்து பெரிய அண்டாவில் கிரீன் டீ காய்ச்சி, ஆறவைத்து, சர்க்கரை போடாமல் ஆற்றில் ஊற்றினார்கள். சுடச்சுட ஊற்றினால் ஆற்றுக்கு நாக்கு வெந்துபோகும் என்று தாண்டவராயன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

ஆறு இளைத்தது. கரை தெரிந்தது, பாறை தெரிந்தது, கடைசியில் விலா எலும்புபோல மணல்மேடு வரிவரியாகத் தெரிந்தது. முனியப்பனின் பரிசல் மணலில் கவிழ்ந்து கிடந்தது.

"அடேய், வருசா வருசம் கோடையில வத்துறதுதானேடா!" என்றார் அவர்.

"அதெல்லாம் தானா வத்துனதுங்க. இது நாங்க வத்த வச்சது" என்றான் பொன்னுரங்கம், பணிவாக.

முகூர்த்த நாளன்று தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டாளிகளோடு ஆற்றை நடந்தே கடந்தான். தாலி கட்டும்போதே வாய்விட்டுச் சிரித்தான். அவ்வளவு சந்தோஷம். விருந்து தடபுடலாக நடந்தது.

மறுநாள் பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட்டால், கரை தளும்ப ஆறு போய்க்கொண்டிருந்தது. மேற்கே மலையில் நல்ல மழை என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்க மூவருக்கும் நேரமில்லை.

"ஒரே ராத்திரியில இப்படி ஊதிப்போச்சே! யாரு என்ன குடுத்தீங்க?" என்று மாதையன் தலையில் அடித்துக்கொண்டான்.

விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. சமையல்காரர்கள் விருந்துப் பாத்திரங்களை ஆற்றில்தான் கழுவியிருக்கிறார்கள். பாயச அண்டா, நெய்ச்சட்டி, வடை சுட்ட எண்ணெய்ச் சட்டி எல்லாம்.

"ஒரு மாசப் பத்தியம் போச்சே!" தாண்டவராயனுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எப்படி வீடு போய்ச் சேர்வது? புதுப்பெண் முன்னால் இப்படித் தலைகுனிய வேண்டியதாயிற்றே!

மாதையன் ஆற்றைத் திட்டத் தொடங்கினான். தீர்த்தம்மா மட்டும் ஆற்றோரம் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அதைத் திட்டாதீங்க, பாவம்" என்றாள். "ஒரு மாசமா வாயைக் கட்டிக் கிடந்ததுக்கு முன்னால கல்யாண விருந்தை வச்சா யாருதான் சும்மா இருப்பாங்க? இது எடை இல்லைங்க, அசீரணம். வயிறு உப்பியிருக்கு."

தாண்டவராயன் நெகிழ்ந்துபோனான். பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் கட்டிவைத்திருக்கிறார்கள்.

தீர்த்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்டா நிறையச் சுக்குக் கஷாயம் காய்ச்சினாள். நால்வருமாக அதைத் தூக்கிவந்து ஆற்றில் ஊற்றினார்கள். அந்த நேரம் பார்த்துப் பாறை இடுக்கில் வெள்ளம் புகுந்து 'களுக்' என்று பெரிதாகச் சத்தம் போட்டது.

"ஏப்பம் விட்டுடுச்சு" என்றாள் தீர்த்தம்மா. "இனி யாரும் தொந்தரவு பண்ணாதீங்க. கொஞ்சம் படுக்கட்டும்."

நால்வரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் பின்பக்கமாகவே நடந்து கரையேறினார்கள்.